சொல் விளக்கம்: ‘ரெபரேஷன்’ என்பது நிவாரணமா, நஷ்ட ஈடா, ஈடுசெய்தலா?

‘ரெபரேஷன்’ என்ற சொல் செய்தியில் வந்தால் நம் பத்திரிகைகள் கைக்குக் கிடைத்ததைப் போட்டுவிடுகின்றன. இன்று நஷ்ட ஈடு, நாளை நிவாரணம், அடுத்த வாரம் இழப்பீடு. இவை ஒன்றல்ல என்பது வடசென்னையில் அகராதி புரட்டாமலே தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை முகத்துவாரத்தில் போய்ப் படிந்தது. வலை, படகு, அலையாத்தி வேர் எல்லாம் கறுத்துப்போயின. வெள்ளத்துக்குத் தருவது நிவாரணம். எண்ணெய்க்குக் கேட்பது நஷ்ட ஈடு. ‘எண்ணெய என்னா மழையா கொட்டுச்சு?’ என்று எண்ணூர்க் குப்பத்தில் ஒருவர் கேட்டால், இந்தக் கட்டுரையில் பாதியை அவரே சொல்லிவிட்டார் என்று அர்த்தம்.

நிவாரணம் வடசொல். விலக்குதல், நீக்குதல் என்று பொருள். துன்பத்தை நீக்குகிறது, சரி. அந்தத் துன்பம் யாரால் வந்தது என்ற கேள்விக்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை. அதனால்தான் அரசுகளுக்கு அது பிடித்த சொல். கருணைத்தொகையும் அந்தச் சாதிதான்: தப்பு எங்களுடையதல்ல, ஆனாலும் தருகிறோம்.

நஷ்ட ஈட்டில் முதல் பாதி வடமொழி, பின்பாதி தமிழ். இலங்கையில் நட்டஈடு என்பார்கள். இழப்பீடு அதற்கு வந்த தமிழ் வடிவம். மூன்றுக்கும் உயிர் ‘ஈடு’தான். ஈடு இணை என்னும்போது ஒப்பு. வரவால் செலவை ஈடுகட்டும்போது சரிக்கட்டல். ஆட்டத்தில் ஈடு கொடுக்கும்போது சளைக்காமல் நிற்பது. அடமானத்துக்கும் அதே சொல் உண்டு. வண்ணாரப்பேட்டை சேட்டுக் கடையில் நாம் ‘அடகு’ என்போம். புழல் காவாங்கரை அகதி முகாமில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ‘காணியை ஈடு வைச்சனான்’ என்பார். எல்லாப் பொருளிலும் ஒரு தராசு நிற்கிறது. ஒரு தட்டில் போனது, மறு தட்டில் அதற்குச் சமமாக வருவது. நிவாரணத்தில் அந்தத் தராசு கிடையாது.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘ரெபராரே’ என்றால் மீண்டும் ஆயத்தமாக்குதல், பழுது நீக்குதல். ராயபுரம் மெக்கானிக் ஷெட் பலகையில் இருக்கும் ‘ரிப்பேர்’ இதன் உடன்பிறப்பு. முதல் உலகப் போருக்குப் பின்தான் இது உலகச் செய்திகளில் பெரிதாக அடிபட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திப் போனதும், ‘எம்டன்’ நம் பேச்சில் கில்லாடிக்குப் பட்டமானதும் அந்தப் போரில்தான். 1919 வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியின் தலையில் போர்ச் சேதத்தின் பொறுப்பை ஏற்றியது. 1921-இல் 13,200 கோடி தங்க மார்க் என்று கணக்குப் போட்டார்கள். கொடுப்பதும் அரசு, வாங்குவதும் அரசு. ‘போர் இழப்பீடு’ என்ற தமிழ் அதற்குச் சரியாகவே பொருந்துகிறது.

அடிபட்ட ஆளே கைநீட்டிக் கேட்கலாம் என்ற நிலை பின்னால்தான் வந்தது. 1998-இல் ஏற்கப்பட்டு 2002-இல் நடைமுறைக்கு வந்த ரோம் சட்டம், இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம் ஆகியவற்றை விசாரிக்கப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்தது. அதன் 75-ஆம் பிரிவு குற்றவாளியே ஈடு செய்ய வேண்டும் என உத்தரவிட வழி தந்தது. 79-ஆம் பிரிவு அதற்கொரு நிதியம் அமைத்தது. இந்தியாவும் இலங்கையும் இச்சட்டத்தில் சேரவில்லை. 2005-இல் ஐ.நா. பொதுச்சபை ‘ரெபரேஷன்’ என்ற சொல்லுக்குள் ஐந்தை அடக்கியது: பழைய நிலைக்கு மீட்டல், பணமாக இழப்பீடு, மறுவாழ்வு, உண்மையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பது போன்ற மனநிறைவு, இனி நடக்காது என்ற உத்தரவாதம். பணம் ஐந்தில் ஒன்றுதான்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. தண்டனை பெற்றவர்களிடம் பெரும்பாலும் காலணா இருப்பதில்லை. காங்கோவின் பொகோரோ கிராமத்தை 2003-இல் தாக்கிய வழக்கில் ஆயுதக் குழுத் தலைவர் ஜெர்மைன் கட்டாங்காவுக்குத் தண்டனை கிடைத்தது. 2017-இல் 297 பேருக்குத் தலைக்கு 250 டாலர் அடையாளத் தொகை என்று தீர்ப்பானது. நம் பணத்தில் அன்று சுமார் 16,000 ரூபாய். கட்டாங்கா கையில் பணமில்லை. அரசுகள் மனமுவந்து போடும் பணத்தில் நடக்கும் அந்த நிதியம்தான் கொடுக்க வேண்டியிருந்தது. உகாண்டாவின் கிளர்ச்சிப் படைத் தளபதி டொமினிக் ஒங்வென் வழக்கில் 2024-இல் விதித்த தொகை 5 கோடி யூரோவைத் தாண்டியது. அதற்கும் நிதியம்தான் அரசுகளிடம் கையேந்த வேண்டும்.

சம்பந்தமில்லாத அரசு தரும் பணம் எப்படி ஈடாகும்? என் கணக்கில், தீர்ப்பு இருந்தால் ஆகும். இன்னார் செய்தார், அது இன்ன குற்றம் என்று எழுதியான பிறகு, பணம் எந்தக் கஜானாவிலிருந்து வந்தாலும் பொறுப்பு குற்றவாளியின் பெயரில்தான் நிற்கும். அதே நிதியம் தீர்ப்புக்குக் காத்திருக்காமல் சிகிச்சைக்கும் பிழைப்புக்கும் செலவிடுவதும் உண்டு. அதை உதவி அல்லது நிவாரணம் என்று எழுதலாம், தப்பில்லை.

தீர்ப்போ ஒப்புதலோ இல்லாமல் பணம் மட்டும் வந்தால் வாங்க வேண்டியவர்களே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஜப்பான் ராணுவத்தின் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களுக்காக 1995-இல் ஜப்பானில் ஒரு நிதியம் தொடங்கினார்கள். பரிகாரத் தொகை பொதுமக்கள் நன்கொடையிலிருந்து வந்தது. அரசின் சட்டப் பொறுப்பு அதில் இல்லை என்று கொரியப் பெண்கள் பலர் தொடவே மறுத்தார்கள்.

காவாங்கரை முகாமில் மாதாமாதம் வருவதற்கு அரசுத் தாளில் உள்ள பெயர் ‘பணக்கொடை’. 2021-இல் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாக உயர்த்தினார்கள். தொகை கட்டாது என்பது வேறு பேச்சு, சொல் நேர்மையானது. குற்றம் செய்யாத அரசு, தஞ்சம் வந்தவருக்குத் தருவது கொடைதான். ஈடு கேட்க வேண்டிய வாசல் பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே 2018-இல் சட்டம் போட்டு ‘ரெபரேஷனு’க்கென்றே ஓர் அலுவலகம் திறந்தார்கள். தமிழில் அதற்கு வழங்கும் பெயர் இழப்பீட்டு அலுவலகம். ஐந்தில் ஒன்றைத் தூக்கி முழுதுக்கும் பெயராக வைத்தாயிற்று. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 2017-இலிருந்து கிளிநொச்சியில் போராடும் தாய்மாரின் காதில் அந்தப் பெயர் எப்படி விழும்? பிள்ளை எங்கே என்று கேட்டால் காசை நீட்டுவதாகத்தான்.

ஆகவே பணம் மட்டும் என்றால் இழப்பீடு. ஐந்தும் சேர்ந்தது என்றால் ஈடுசெய்தல். பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்ற நிதியத்தின் ஆங்கிலப் பெயரான ‘டிரஸ்ட் ஃபண்ட் ஃபார் விக்டிம்ஸ்’ என்பதில் வரும் ‘டிரஸ்ட்’டை ‘நம்பிக்கை நிதியம்’ என்று மொழிபெயர்ப்பது அபத்தம்; ‘அறக்கட்டளை’ என்றால் தர்மம் போடுகிற வாடை வந்துவிடும். ‘பாதிக்கப்பட்டோர் நிதியம்’ போதும். ‘விக்டிம்’ எல்லாரையும் ‘பலியானோர்’ என்று எழுதும் பழக்கத்தையும் விடலாம். பலியானவர் படிவம் நிரப்பி, கையெழுத்துப் போட்டு, வரிசையில் நிற்க வரமாட்டார்.