கையெழுத்து இருக்கிறது, தேடத் தெரிந்ததா?

நாகர்கோவில் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். ஆண்டுதோறும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நூலக அறிமுக வகுப்பு எடுக்கிறோம். முடிந்ததும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, கருத்துப் படிவத்தில் ‘மிக நன்று’. யார் வந்து கேட்டாலும் காட்ட அது போதும். பிள்ளைக்குத் தேடத் தெரிந்ததா என்பது மட்டும் அந்தக் காகிதங்களில் இருக்காது.

எனக்கு அதை உணர்த்தியது ஈத்தாமொழித் தென்னை. படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் ‘மிக நன்று’ போட்ட ஒரு மாணவி, மூன்றாம் ஆண்டில் அந்த நெட்டைத் தென்னையைப் பற்றி புராஜெக்ட் எடுத்தார். ஒரு வாரம் கழித்து வந்து, “ஒண்ணுமே கெடைக்கல சார்” என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் ஒரே விதமாகத் தட்டிக்கொண்டிருந்தார், கடைசி எழுத்து ‘ஐ’ (i). புவிசார் குறியீட்டுப் பதிவில் அது ‘ஒய்’யில் (y) முடிகிறது. மூன்று நான்கு எழுத்துக்கூட்டல்களை ‘ஆர்’ (OR, ‘அல்லது’) போட்டு இணைத்து, தென்னையின் அறிவியல் பெயரையும் சேர்த்துத் தேடியதும் கட்டுரைகள் வந்தன.

பிழை என்னுடையது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஆய்வேடு எடுப்பது, கல்லூரிகளுக்கான மின்னிதழ், மின்னூல் சேவையான என்-லிஸ்ட்டில் நுழைவது எல்லாம் காட்டியிருந்தேன். ஒரு சொல் பலிக்காவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று சொல்லவே இல்லை.

அமெரிக்காவில் உள்ள கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் 2000-இல் வகுத்த தகவல் அறிதிறன் (தகவலைத் தேடி, எடைபோட்டுப் பயன்படுத்தும் திறன்) தரநிலைகளை 2016-இல் கைவிட்டு, ஆறு கருத்துகள் கொண்ட சட்டகத்துக்கு மாறியது. கிடைப்பதைப் பார்த்துச் சொல்லை மாற்றி மாற்றித் தேடுவது அந்த ஆறில் ஒன்று. சரியான விடையை ‘டிக்’ செய்யும் வினாத்தாளில் அது பிடிபடாது.

சரி, இப்போது என்ன செய்கிறேன்? வகுப்பு முடிவில் ஒரு தாள் கொடுக்கிறேன்: தட்டிய சொற்கள், பலிக்காதபோது மாற்றிய சொற்கள், எடுத்த ஒரு கட்டுரை, அதை ஏன் நம்பினாய். அப்புறம் ஆண்டு இறுதியில் துறைகளில் கேட்டு, புராஜெக்ட்டுகளின் ஆதாரப் பட்டியலை வாங்கிப் புரட்டுகிறேன். வெறும் ‘கூகுள்’ என்று எழுதியிருந்தாலோ, சாட்ஜிபிடி சொன்ன இல்லாத கட்டுரை இருந்தாலோ, அடுத்த வகுப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது. பத்துப் பட்டியலைப் பார்க்க ஒரு மதியம் போதும். நம் மாவட்டத்து நூலகர்கள் ஒருமுறை செய்து பாருங்கள்.

இந்த ஆண்டு மட்டி வாழையைத் தேடிய ஒரு பிள்ளைக்கு ‘மாற்றிய சொற்கள்’ கட்டம் போதவில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கமும் எழுதியிருந்தது.