பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டிலேயே பேச வேண்டியது

வடசென்னையின் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர்ப் பகுதிகளிலிருந்து கணிதம் படிக்க வரும் மாணவிகளிடம் அடுத்தது என்னவென்று கேட்டால், பி.எட். அல்லது வங்கித் தேர்வு என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கிறது. இரண்டும் நல்ல வழிகள்தாம். ஆனால் முனைவர் பட்டம் என்ற வழியைத் தெரிந்துகொண்டு, எடைபோட்டுப் பார்த்து, வேண்டாமென ஒதுக்கிய மாணவியை என் ஆசிரியப் பணியில் அரிதாகவே கண்டிருக்கிறேன், பலருக்கு எம்.எஸ்சி. முடிக்கும் தறுவாயில்தான் அப்படியொரு வழி இருப்பதே தெரியவருகிறது.

வீட்டில் எழும் முதல் கேள்வி பணத்தைப் பற்றியது, அது நியாயமானதும்கூட. 2022 செப்டம்பரில் பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கப்பட்ட, தமிழக அரசின் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் இளநிலைப் படிப்போடு நின்றுவிடும். அதன்பின் கைக்காசு போட்டு ஆண்டுக்கணக்கில் படிக்க வைக்க வேண்டுமென்றே பெற்றோர் எண்ணுகிறார்கள். சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்று ஆய்வில் சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும் கிடைக்கும் என்றால், “இன்னும் எத்தனை வருஷம் மேடம் படிப்பா?” என்று கேட்ட தந்தை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிறார். போட்டி கடுமையானது என்பதையும் அவரிடம் மறைக்கக் கூடாது. திருமணப் பேச்சை நாம் தவிர்த்தாலும் வீடு தவிர்க்காது. ஆகவே, 2022-ஆம் ஆண்டின் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) முனைவர் பட்ட விதிமுறைகள் பெண் ஆய்வாளர்களுக்கு ஆய்வை முடிக்கக் கூடுதலாக 2 ஆண்டுகளும், மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் அனுமதிப்பதையும் சொல்லிவிடுவது நல்லது.

பணத்தைவிடப் பெரிய தடை எங்கள் வகுப்பறையிலேயே இருக்கிறது. மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு தன் உச்ச மதிப்பை அடையும் என்ற தேற்றத்தின் நிரூபணத்தை வரி பிசகாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கும் மாணவி, இடைவெளியின் முனைகளை நீக்கிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டவுடன் திகைத்து நிற்கிறாள். 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண்களின் தலைகீழி, 0-ஐ நெருங்க நெருங்க எல்லையின்றி வளர்வதை அவளே கண்டுபிடிக்க ஒரு வகுப்பு முழுவதும் போனாலும் பாதகமில்லை, ஏனெனில் ஆராய்ச்சிக்கு வேண்டிய பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் நாம் முதலில் கைவிடுவதும் அதைத்தான். 1993 முதல் நடந்துவரும் எம்.டி.டி.எஸ். என்ற கணிதக் கோடைப் பயிற்சி இந்தப் பழக்கத்தையே வளர்ப்பதால், இரண்டாம் ஆண்டு மாணவிகளை அதற்கு விண்ணப்பிக்கச் சொல்கிறேன்.

ராமானுஜன் எழுத்தராக வேலை பார்த்த துறைமுகம் நம் பக்கம் இருக்க, ஆய்வு நிறுவனங்களான கணித அறிவியல் நிறுவனம் தெற்கே தரமணியிலும், சென்னைக் கணிதவியல் கழகம் சிறுசேரியிலும் அமைந்துவிட்டன. சேப்பாக்கத்து ராமானுஜன் உயர்கணித ஆய்வு நிறுவனமோ மெட்ரோவில் சென்றுவரும் தொலைவுதான். ஒருமுறை நேரில் அழைத்துச் சென்றாலே தயக்கம் பாதி குறைகிறது. சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் படித்த ராமன் பரிமளா 2010-இல் ஐதராபாத்தில் நடந்த உலகக் கணித மாநாட்டில் பேருரை நிகழ்த்தியதை வகுப்பில் சொல்லத்தான் செய்கிறேன். ஆயினும் ஆய்வில் சேர்ந்துவிட்ட சீனியர் அக்கா ஒருத்தி அரை மணி நேரம் பேசினால் அதைவிட அதிகம் பலிக்கிறது.

ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வின் விண்ணப்பம் வழக்கமாக செப்டம்பரில் தொடங்கி அக்டோபரில் முடிந்துவிடும். ஐந்தாம் பருவத்தில் விண்ணப்பம் தொடங்கிய கையோடு துறை ஆசிரியர்கள் மாணவிகளை உட்கார வைத்து அதை நிரப்பச் செய்ய வேண்டும்.