ஹெர்ட்சோக்: பட்டம், குடி, கிளை

ஜெர்மன் அரச குடும்பங்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர் ‘ஹெர்ட்சோக்’ என்ற பட்டத்தை முதலில் ‘டியூக்’ ஆக்கி, பிறகு ‘கோமகன்’ என்று போட்டுவிடுகிறார்கள். பல இடங்களில் இதனால் பாதகமில்லை. ஆனால் இங்கிலாந்தின் டியூக்குக்கு நிலம் இருக்கலாம். ஆள நாடு கிடையாது. பட்டமும் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். ஜெர்மனியின் ஹெர்ட்சோக் வரி வாங்கினார், நாணயம் அடித்தார், படை வைத்திருந்தார். போதாததற்கு அவருடைய தம்பிகளும் மகன்களும்கூட அதே பட்டத்தைப் போட்டுக்கொண்டார்கள். இது தெரியாமல் அவர்களுடைய வம்சாவளி அட்டவணையைத் திறந்தால் தலை சுற்றும்.

சொல்லின் பழைய வடிவம் ஹெரிட்சோகோ. ‘ஹெரி’ என்றால் படை. பின்பாதி ‘ட்சியோஹன்’ என்ற வினையிலிருந்து வந்தது. இழுத்தல், நடத்திச் செல்லுதல் என்று பொருள். படைக்கு முன்னே நின்று அதை நடத்திச் செல்பவன் ஹெர்ட்சோக். இலத்தீன் ‘டூக்ஸ்’ என்பதும் ‘நடத்து’ என்னும் வினையில் பிறந்ததே. டியூக் அதன் வழிவந்தது. ஆக, இரண்டுக்கும் பொருள் ஒன்று, அந்த இரு வினைகளின் தொல்வேரும் ஒன்றே. டச்சு ஹெர்டோக், சுவீடிஷ் ஹெர்டிக் இரண்டும் ஜெர்மன் சொல்லுக்கு உறவு. ஸ்லாவிய மொழிகளின் ‘வோயிவோடா’வும் இதே அமைப்புதான்.

பத்தாம் நூற்றாண்டில் பட்டம் பெயருக்கேற்ற வேலையாகவே இருந்தது. சாக்சனி, பவேரியா, ஸ்வாபியா, ஃபிராங்கோனியா, லோத்தரிங்கியா என்ற ஐந்து பெருநாடுகளின் தலைவர்கள் ஆள் திரட்டிக் கொடுத்தால்தான் அரசர் பெரும்போருக்குப் போக முடியும். வெல்ஃப் குடியின் ‘சிங்கம்’ ஹென்றி, சாக்சனியையும் பவேரியாவையும் ஒரே கையில் வைத்திருந்தார். பேரரசர் ஃபிரெடரிக் பார்பரோசா 1180இல் இரண்டையும் பறித்தார். பவேரியா விட்டெல்ஸ்பாக் குடிக்குப் போய் 1918 வரை அவர்களிடமே இருந்தது, சாக்சனி துண்டாடப்பட்டது. வெல்ஃப்களுக்கு மிஞ்சிய சொந்த நிலம் 1235இல் பிரவுன்ஷ்வைக்-லூனெபுர்க் என்ற புது நாடாயிற்று. ஓர் இனத்தின் படைத்தலைமையாக இருந்தது இப்படிக் குடும்பச் சொத்தானது.

சொத்து என்றால் பங்காளிகள் வருவார்கள். ‘ஹவுஸ்’ என்று ஜெர்மானியர் சொல்வதை ‘இல்லம்’ என்று பெயர்ப்பதைவிடக் ‘குடி’ என்பதே நமக்குச் சரி. ‘லீனி’ என்பது கிளை. ‘அக்னாட்’ என்பதற்குத் தேடி அலைய வேண்டாம்: ஆண்வழியில் பங்குரிமை உள்ள உறவினன், அதாவது தாயாதி. இவர்கள் சேர்ந்து செய்ததுதான் ‘டைலுங்’, பாகப்பிரிவினை.

பிற்காலத்தில் சாக்சனிப் பட்டத்தைப் பெற்ற ‘வெட்டின்’ என்ற குடி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1485இல் லைப்சிக்கில் அண்ணன் எர்ன்ஸ்டும் தம்பி ஆல்பிரெக்டும் நாட்டைப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் பங்கு பிரிக்க, தம்பி வேண்டியதை எடுத்துக்கொள்வது வழக்கம். அன்று முதல் எர்னெஸ்டியக் கிளை, ஆல்பெர்டியக் கிளை என இரண்டு. ஆல்பெர்டியக் கிளை சீக்கிரமே மூத்தவருக்கே நாடு என்ற விதிக்கு மாறி, 1806இல் சாக்சனியின் அரசரானது. எர்னெஸ்டியர் பிரித்துக்கொண்டே போனார்கள். கோத்தாவை ஆண்ட ‘பக்திமான்’ எர்ன்ஸ்ட் 1675இல் இறந்தபோது ஏழு மகன்கள். 1680இல் ஏழு பங்கு: கோத்தா-ஆல்டன்புர்க், கோபுர்க், மைனிங்கன், ரோம்ஹில்ட், ஐசன்பெர்க், ஹில்ட்புர்க்ஹவுசன், சால்ஃபெல்ட். இவற்றில் கோபுர்க், ரோம்ஹில்ட், ஐசன்பெர்க் மூன்றும் ஒரே தலைமுறையில் ஆண்வாரிசின்றிப் போயின. மீதிப் பங்காளிகளுக்கு அடுத்த வழக்கு தயார்.

பெயருக்குள் இருக்கும் இணைப்புக்கோடு இந்தப் பிரிவினைகளின் பதிவு. முதலில் வருவது குடி உரிமை கொண்டாடும் பெருநாடு, அடுத்து வருவது கிளை வாழும் ஊர். சாக்சன்-மைனிங்கன் என்றால் சாக்சனிப் பட்டத்துக்கு உரிமையுள்ள குடியில் மைனிங்கன் ஊர்க் கிளை. அந்த ஊரோ இன்றைய சாக்சனி மாநிலத்தில் இல்லை, துரிங்கியாவில் இருக்கிறது. பட்டம் கைமாறக் கைமாறப் பெயரும் எல்பே ஆற்றோடு மேலேறி நகர்ந்துவிட்டது. வரைபடத்தில் தேடி ஏமாறுவது இதனால்தான்.

இன்னொரு பொறி எண்கள். 1825இல் கோத்தாக் கிளை அற்றுப்போக, 1826இல் பங்காளிகள் நாடுகளை மாற்றிக்கொண்டார்கள். ஹில்ட்புர்க்ஹவுசன் ஆட்சியாளர் தம் ஊரைக் கொடுத்துவிட்டு ஆல்டன்புர்க் போனார். கோபுர்க்கார் சால்ஃபெல்டைக் கொடுத்துக் கோத்தாவைப் பெற்றார். அதனால் மூன்றாம் எர்ன்ஸ்டாக இருந்தவர் புதிய நாட்டில் முதலாம் எர்ன்ஸ்ட் ஆனார். பட்டியல்களில் ஒரே ஆள் இரண்டு பேராகத் தெரிவார். விக்டோரியா அரசியை மணந்த ஆல்பர்ட் இவருடைய மகன். 1819இல் அவர் பிறந்தபோது குடும்பப் பெயரில் ‘கோத்தா’ கிடையாது. ஆல்பர்டுக்கு எங்கும் ‘சாக்சன்-கோபுர்க்-கோத்தாவில் பிறந்தவர்’ என்று எழுதுவது நுணுக்கமாகப் பார்த்தால் பிழை.

முன்னிடைச்சொற்களும் ஏமாற்றும். ‘ஹெர்ட்சோக் ஃபோன் பயர்ன்’, பவேரியாவின் ஹெர்ட்சோக், என்பது பவேரிய ஆளும் கிளைக்கு. ‘ஹெர்ட்சோக் இன் பயர்ன்’, பவேரியாவில் உள்ள ஹெர்ட்சோக், என்பது 1799இல் விட்டெல்ஸ்பாக்கின் பக்கக் கிளைக்குக் கிடைத்த பட்டம். ஆஸ்திரியாவின் பேரரசி எலிசபெத், ‘சிசி’ என்று அழைக்கப்பட்டவர், இந்த ‘இன்’ கிளையில் பிறந்தவர். இரண்டையும் ‘பவேரியக் கோமகன்’ என்று எழுதினால் ஆண்டவரும் ஆளாதவரும் ஒன்றாகிவிடுவர்.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். சொற்பொருளுக்கு மிக நெருங்கியது ‘தண்டநாயகன்’. தண்டு என்றால் படை. ஐந்து பெருநாடுகளின் காலத்தைப் பற்றி எழுதும்போது அது பொருந்தும். பிற்காலத்துக்குப் பொருந்தாது, ஏனென்றால் மைனிங்கன் ஹெர்ட்சோக்கைப் படைத்தலைவர் என்று எவரும் நினைக்கவில்லை. அங்கே ‘கோமகன்’ என்றே எழுதலாம்: அரசன், அரசன் மகன் என இரு பொருளும் அச்சொல்லில் உண்டு. ஆண்டவரை ‘ஆளும் கோமகன்’ என்று பிரித்துச் சொல்வது நல்லது. நாட்டுக்குக் கோமகன் நாடு, கிராஸ்ஹெர்ட்சோக்குக்குப் பெருங்கோமகன், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்புர்க் குடிக்கே உரிய எர்ட்ஸ்ஹெர்ட்சோக்குக்குத் தலைமைக் கோமகன். (அந்தக் கடைசிப் பட்டத்துக்கு ஆதாரம், நான்காம் ருடால்ஃப் 1358-59 வாக்கில் தயாரித்த போலிச் சாசனம்.) குர்ஃபூர்ஸ்டை ‘வாக்காளர்’ என்று எழுதுவதைத் தயவுசெய்து விட்டுவிடலாம், பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற ஆட்சியாளர் அவர், ‘தேர்வரசர்’ என்றால் சரியாக இருக்கும்.

ஒருவரே இரு நிலையில் இருப்பதும் சகஜம். தரங்கம்பாடிக்கு 1706இல் சீகன்பால்கு வந்திறங்கக் காரணமான டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக், ஜெர்மன் பேரரசுக்குள் ஹோல்ஸ்டைனின் ஹெர்ட்சோக்கும்கூட.

1918 நவம்பரில் ஆட்சிகள் எல்லாம் முடிந்தன. 1919 அரசியலமைப்பின் 109ஆம் பிரிவு, பிரபுப் பட்டங்கள் இனிப் பெயரின் பகுதி மட்டுமே என்றது. எனவே இன்று ஒரு ஜெர்மானியரின் பெயரில் ‘ஹெர்ட்சோக் ஃபோன்’ இருந்தால் அது குடும்பப்பெயர். மொழிபெயர்க்காமல் அப்படியே எழுத வேண்டும். ஆஸ்திரியா அதே ஆண்டு ஏப்ரலில் பட்டத்தோடு ‘ஃபோன்’ என்பதையும் சேர்த்தே நீக்கிவிட்டது.