மாதத்தின் முதல் புதன்கிழமை: தென்னாப்பிரிக்காவில் பெட்ரோல் விலை மாறும் விதம்

தென்னாப்பிரிக்காவில் பெட்ரோலின் சில்லறை விலையை அரசே நிர்ணயிக்கிறது. டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் எந்த நிறுவனத்தின் பங்க்குக்குப் போனாலும் ஒரே தரப் பெட்ரோலுக்கு ஒரே விலைதான் என்பதால், மலிவான பங்க்கைத் தேடி அலைவதில் பயனில்லை. புதிய விலை மாதத்தின் முதல் புதன்கிழமை, அதாவது செவ்வாய் நள்ளிரவு தாண்டியதும், நடைமுறைக்கு வருகிறது. ஏறப்போகிறது என்று தெரிந்தால் செவ்வாய் மாலையே வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்.

விலையின் முதற்பகுதி அடிப்படை எரிபொருள் விலை. சுத்திகரித்த பெட்ரோலை வெளிநாட்டில் வாங்கி, கப்பல் வாடகை, காப்பீடு, துறைமுகச் செலவு எல்லாம் கொடுத்துக் கரையில் இறக்கினால் என்ன ஆகுமோ அதுவே அந்தத் தொகை. உள்நாட்டில் சுத்திகரித்த பெட்ரோலுக்கும் இதே கணக்குத்தான். கொள்முதல் டாலரில் நடப்பதால், எண்ணெய் விலை அசையாமல் இருந்தாலும் நம் நாணயமான ரேண்டின் மதிப்பு சரிந்தால் நாம் கூடுதலாகக் கொடுக்க நேரிடும். தினசரிக் கணக்கின் சராசரியே எடுத்துக்கொள்ளப்படுவதால், இன்று செய்தியில் கேட்கும் விலைச்சரிவு உடனே பங்க்கில் தெரியாது.

இதன்மேல் பொது எரிபொருள் வரியும், விபத்தில் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தரும் சாலை விபத்து நிதிக்கான வரியும் சேர்கின்றன. இவை சதவீதமாக அல்லாமல், லிட்டருக்கு இத்தனை சென்ட் என்று வரவுசெலவுத் திட்டத்தில் விதிக்கப்படுபவை. விபத்து நிதிக்கு மட்டுமே லிட்டருக்கு 2.18 ரேண்ட் என 2021இல் விதிக்கப்பட்டது. கச்சா எண்ணெய் பாதி விலைக்கு இறங்கினாலும் பெட்ரோல் பாதியாகாததற்கு முக்கியக் காரணம் இந்த நிலையான வரிகள்தான். 2022 ஏப்ரல் முதல் ஜூன் வரை பொது வரியில் 1.50 ரேண்டும் ஜூலையில் 75 சென்டும் தற்காலிகமாகக் குறைக்கப்பட்டன. அப்படியிருந்தும் அந்த ஜூலையில் கடற்கரையிலிருந்து தள்ளியிருக்கும் உள்நாட்டுப் பகுதியில் 95 ஆக்டேன் ரகப் பெட்ரோல் லிட்டருக்கு 26.74 ரேண்டைத் தொட்டது. 2025 ஜூன் 4 அன்று அதே பொது வரி 16 சென்ட் ஏறியது.

துறைமுகத்திலிருந்து தொலைவு கூடக்கூடக் கொண்டுசெல்லும் செலவும் கூடும். ஆகவே துறைமுக நகரான டர்பனிலிருந்து உள்நாட்டிலுள்ள ஜோகன்னஸ்பர்க் போகிறவர்கள் புறப்படும் முன்பே டேங்க்கை நிரப்பிக்கொள்வது நல்லது.

டீசலின் சில்லறை விலைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. பங்க்குக்குப் பங்க் மாறும். கோயில் திருவிழாக்களுக்குப் பேருந்து அமர்த்துவோர் இரண்டு மூன்று இடங்களில் விசாரிப்பது வீண்போகாது. அடுப்புக்கு வாங்கும் மண்ணெண்ணெய்க்கோ அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது; கடைக்காரர் அதற்கு மேல் கேட்கக் கூடாது.