பிளக் இல்லாத மின்சாரப் பியானோ

பழைய இசைக்கருவிகளை விற்கும் கடையொன்றில் 1970களைச் சேர்ந்த ரோட்ஸ் மின்சாரப் பியானோவைப் பார்த்த வாசகர் ஒருவர், அதைச் சுற்றிச் சுற்றித் தேடியும் சுவரில் செருகுவதற்கான கம்பியோ பாட்டரி வைக்கும் இடமோ தென்படவில்லை என்றும், பிறகு எந்தத் துணிச்சலில் அதை மின்சாரப் பியானோ என்று அழைக்கிறார்கள் என்றும் கேட்டு எழுதியிருக்கிறார். அவர் பார்த்தது அந்தக் கருவியின் ‘ஸ்டேஜ்’ வகையாக இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரும் ஒலிபெருக்கியும் அடியிலேயே பொருத்தப்பட்ட ‘சூட்கேஸ்’ என்னும் வகைக்கு மின் இணைப்பு உண்டு. ஸ்டேஜ் வகைக்கு அது தேவையே இல்லை. ஏனென்றால் அந்தக் கருவி மின்சாரத்தைச் செலவழிப்பதில்லை, உண்டாக்குகிறது. கட்டைக்கு ஒன்றாக 73 குட்டி ஜெனரேட்டர்கள் அதற்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை இயக்குவது வாசிப்பவரின் விரல். அவை தரும் மிகச் சிறிய மின்னழுத்தம் ஒரு கேபிள் வழியாக வெளியே வந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. பிளக் வேண்டியது அந்த ஆம்ப்ளிஃபயருக்குத்தான்.

என்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. மூடியைத் திறந்தால் உள்ளே குத்தப்பட்டிருக்கும் 2377 என்ற எண், அது 1977ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் உருவானது என்பதைச் சொல்கிறது. ஏறக்குறைய 60 கிலோ எடை. அதை மாடியேற்றிய நாளை என் முதுகு இன்னும் மறக்கவில்லை. ஆகவே இந்தக் கேள்விக்கு விடை எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் சொந்த ஆர்வமும் கலந்திருக்கிறது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கருவியை உருவாக்கிய ஹரோல்டு ரோட்ஸ் கலிஃபோர்னியாவில் 1910இல் பிறந்தவர். தொழில் பியானோ கற்பிப்பது. இரண்டாம் உலகப் போரின்போது, காயமடைந்து படுக்கையில் கிடந்த படைவீரர்கள் மடியில் வைத்து வாசிப்பதற்காக, பி-17 குண்டுவீச்சு விமானங்களின் அலுமினியக் குழாய்களை அறுத்து 29 கட்டைகள் கொண்ட ஒரு சிறு கருவியை அவர் செய்தார். போர் முடிந்த பின் அந்த எண்ணத்தை விடாமல் வளர்த்து, 1959இல் கித்தார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டருடன் சேர்ந்தார். ஃபெண்டரின் நிறுவனம் 1965இல் சி.பி.எஸ். என்னும் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போன பிறகுதான் 73 கட்டைகள் கொண்ட முழுக் கருவி சந்தைக்கு வந்தது. அதற்கு முன்னோடிகளே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. வெப்ப இயக்கவியலின் மூன்றாம் விதியோடு பெயர் ஒட்டிக்கொண்ட, வேதியியலுக்கு நோபல் பரிசு பெற்ற வால்தர் நெர்ன்ஸ்ட், 1931இல் பெக்ஸ்டைன், சீமென்ஸ் நிறுவனங்களோடு சேர்ந்து ஒரு மின்சாரப் பியானோவைச் செய்திருக்கிறார். ஆனால் நெர்ன்ஸ்ட் தந்திகளை வைத்துக்கொண்டார். ரோட்ஸ் தந்திகளைத் தூக்கி எறிந்துவிட்டார்.

தந்திகளுக்குப் பதிலாக அவர் வைத்தது, பள்ளி ஆய்வகத்தில் நாம் எல்லோரும் ரப்பர் அட்டையில் தட்டிக் காதருகே பிடித்துக் கேட்ட இசைக்கவையை. இரண்டு புயங்களும் எதிரெதிர்த் திசையில் அசைவதால் அடித்தண்டில் அவற்றின் உதைப்பு பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகிறது. ஆற்றல் பிடித்திருக்கும் கைக்குள் கசியாமல் நெடுநேரம் புயங்களிலேயே தங்குகிறது. அதனால்தான் இசைக்கவைக்கு அவ்வளவு நீண்ட கார்வை. ரோட்ஸ் செய்த மாற்றம், இரு புயங்களையும் வேறு வேறு உருவத்தில் அமைத்தது. ஒரு புயம் டைன் எனப்படும் மெல்லிய எஃகுக் குச்சி. மற்றது டோன் பார் எனப்படும் கனமான உலோகப் பட்டை. சுத்தியல் டைனை அடிக்கிறது, டைன் ஆடுகிறது, பட்டை அதன் ஆற்றலைக் காத்து நிற்கிறது. விரலை எடுத்தவுடன் ஒரு கம்பளித் துண்டு டைனைத் தொட்டு ஒலியை அடக்குகிறது. ஒவ்வொரு டைனின் மேலும் இறுக்கமாகச் சுற்றப்பட்ட ஒரு சிறு சுருள் உண்டு. அதை நுனிப் பக்கம் தள்ளினால் சுருதி இறங்கும், அடிப்பக்கம் இழுத்தால் ஏறும். சுருதி சேர்ப்பது என்பது இவ்வளவுதான்.

டைன்களின் நீளத்திலும் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்ட குச்சியின் அதிர்வெண், நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் அமையும். 73 கட்டைகளின் கீழ்க்கோடி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ், மேல்கோடி 2637 ஹெர்ட்ஸ். ஆறு ஸ்தாயி, அதாவது 64 மடங்கு. ஒரே தடிமனும் ஒரே இழுவிசையும் உள்ள தந்திகள் என்றால் நீளத்திலும் 64 மடங்கு வேறுபாடு வேண்டியிருக்கும். குச்சிக்கோ 64இன் வர்க்கமூலமான எட்டு மடங்கு போதும். ஒரு பெரிய பியானோவின் வீச்சில் பெரும்பகுதி ஒரு மேசையின் அகலத்துக்குள் அடங்கிவிட்டதற்கு இந்த இருமடி விதிதான் காரணம்.

இதுவரை சொன்னது பாதிக் கதை. ஆம்ப்ளிஃபயரோடு இணைக்காமல் அறையில் வாசித்தால், தொலைவில் யாரோ கரண்டியால் கண்ணாடிக் கிண்ணங்களைத் தட்டுவது போன்ற மெலிந்த ஒலிதான் கேட்கும். டைன் அடிபட்ட முதல் கணத்தில் அதன் அடிப்படை அதிர்வெண்ணோடு, அதைப் போல ஏறக்குறைய 6.27 மடங்கு உயர்ந்த ஒரு மேற்சுரமும் எழுகிறது. முழு எண் மடங்காக இல்லாததால் அது சுரத்தோடு ஒட்டாமல் மணியடித்தது போல் தனியாக ஒலித்து விரைவில் அடங்கிவிடுகிறது. அதன் பிறகு டைனின் ஆட்டம் வியப்பூட்டும் அளவுக்குத் தூய்மையானது. ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவால் அளந்தபோது அது ஏறத்தாழ ஒரு சைன் அலையாகவே இருந்தது. இப்படிப்பட்ட ஆய்வுக்கு நம் நாட்டில் நிதி கேட்டு விண்ணப்பித்தால், சமூகப் பயன் என்ன என்ற கட்டத்தில் எதை நிரப்புவது என்று யோசித்தே அந்த ஆண்டு முடிந்துவிடும். ஆனால் அந்த அளவீடு ஒரு நல்ல கேள்வியை எழுப்புகிறது. சைன் அலை என்பது நிறமற்ற ஒலி, காது பரிசோதிக்கும் கருவியில் கேட்கும் ‘பூம்’. அப்படியானால் ரோட்ஸ் பியானோவின் அந்தச் செழிப்பான நாதம், மெல்லத் தொட்டால் குழலாகவும் ஓங்கி அடித்தால் உறுமலாகவும் மாறும் அந்தக் குரல், எங்கிருந்து வருகிறது?

டைனின் நுனிக்கும் அதன் எதிரே உள்ள காந்தத்துக்கும் நடுவே இருக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்து வருகிறது.

ஒவ்வொரு டைனின் நுனிக்கு எதிரிலும் பிக்கப் எனப்படும் ஓர் உறுப்பு இருக்கிறது: உளி முனை போலச் சீவப்பட்ட ஒரு காந்தம், அதைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பிச்சுருள். எஃகு நுனி காந்த முனைக்கு நேராக வரும்போது சுருளினூடே செல்லும் காந்தப் பாயம் உச்சத்தில் இருக்கும். நுனி மேலே போனாலும் கீழே போனாலும் குறையும். இதை ஒரு வரைபடமாகப் போட்டால் ஒரு குன்றின் வடிவம் கிடைக்கும். ஃபாரடே 1831இல் கண்டறிந்தபடி, சுருளில் பிறக்கும் மின்னழுத்தம் இந்தப் பாயம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. இனி, அந்தக் குன்றின் மேல் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருக்கும் ஒரு மனிதராக டைனின் நுனியைக் கற்பனை செய்துகொண்டு, அவர் எத்தனை முறை ஏறுகிறார், எத்தனை முறை இறங்குகிறார் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.

அவருடைய நடையின் நடுப்புள்ளி குன்றின் உச்சியிலேயே இருக்கிறது என்போம். வலப்பக்கம் போனால் இறக்கம், திரும்பினால் ஏற்றம். இடப்பக்கம் போனாலும் இறக்கம், திரும்பினாலும் ஏற்றம். ஒரு முழு நடைக்கு இரண்டு இறக்கமும் இரண்டு ஏற்றமும். டைன் ஒரு முறை ஆடினால் மின்னழுத்தம் இரண்டு முறை ஆடுகிறது. காதில் விழுவது ஒரு ஸ்தாயி மேலே உள்ள சுரம்! நான் கருவியை வாங்கிய புதிதில் நடுப்பகுதியில் ஒரு கட்டை பக்கத்துக் கட்டைகளுக்குப் பொருந்தாமல் மெலிந்து கீச்சிட்டது. டைன் மாறிவிட்டதோ என்று ஒரு மாலை முழுக்கச் சுருதிச் சுருளோடு மல்லுக்கட்டினேன். டைனில் ஒரு குறையும் இல்லை. முந்தைய உரிமையாளர் யாரோ அழகாக, மிகச் சரியாக, காந்தத்துக்கு நேராக அதை நிறுத்தி வைத்திருந்தார். குறை அந்தச் சரியில்தான் இருந்தது.

அதே மனிதர் குன்றின் சரிவில் நின்றுகொண்டு சிறு எட்டுகளாக நடந்தால் என்ன ஆகும்? ஒரு பக்கம் ஏற்றம், மறு பக்கம் இறக்கம். ஒரு நடைக்கு ஒரு ஏற்ற இறக்கம். டைனின் சைன் ஆட்டம் அப்படியே சைன் மின்னழுத்தமாகிறது. மெல்லத் தொட்ட கட்டையில் கேட்கும் குழல் போன்ற இதம் இதுதான். கட்டையை ஓங்கி அடித்தால் நடையின் வீச்சு பெருகுகிறது. அவர் சரிவில் ஏறி உச்சியைத் தாண்டி மறுபக்கச் சரிவிலும் சிறிது இறங்கிவிட்டுத் திரும்புகிறார். ஒரே நடைக்குள் இப்போது ஒரு பெரிய ஏற்ற இறக்கமும் உச்சியருகே ஒரு சிறிய குலுங்கலும் சேர்ந்துவிட்டன. கணிதத்தில் இதற்கு இரண்டாம், மூன்றாம், நான்காம் மடங்கு மேற்சுரங்கள் என்று பெயர். வாசிப்பவர்கள் இதைக் குரைப்பு என்கிறார்கள். பிறகு டைனின் வீச்சு குறையக் குறைய அவர் மெல்லப் பின்வாங்கி மீண்டும் சரிவிலேயே உலாவத் தொடங்க, உறுமலாகப் பிறந்த சுரம் யாரும் தொடாமலே கனிந்து குழலாக முடிகிறது. உலோகம் கடைசி வரை அதே எளிய ஆட்டத்தைத்தான் ஆடிக்கொண்டிருந்தது. அதை அளந்த அளவுகோல் வளைந்திருந்தது. அந்த வளைவைத்தான் நாம் இசையாகக் கேட்டோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. கித்தார் ஒலியை ஆம்ப்ளிஃபயரில் ஓங்கவிட்டு உறுமச் செய்யும்போது எல்லாத் தந்திகளும் ஒரே இடத்தில் கலந்த பிறகே ஒலி சிதைகிறது. அதனால் இரண்டு சுரங்களின் கூட்டலும் கழித்தலும் புதிய, வேண்டாத சுரங்களாக முளைத்து, சிக்கலான ஒத்திசைச் சுரக்கோவைகள் சேறாகிவிடுகின்றன. ரோட்ஸ் கருவியில் டைனுக்கு ஒரு பிக்கப் தனியாக இருப்பதால், ஒவ்வொரு சுரமும் தன் குன்றில் தான் மட்டும் நடக்கிறது. உறுமலும் தனித்தனி. ஐந்து சுரங்களைச் சேர்த்து அடித்தாலும் ஐந்தும் தெளிவாகக் கேட்கின்றன. 1960களின் இறுதியில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் ஹெர்பி ஹேன்காக்கும் சிக் கொரியாவும் அத்தனை அடர்த்தியான ஜாஸ் சுரக்கோவைகளை மின்சாரப் பியானோவில் வாசித்தும் அவை குழம்பவில்லை என்றால், அதில் அவர்கள் விரல்களுக்கு அடுத்த பங்கு இந்த அமைப்புக்கு உண்டு என்பது என் கருத்து.

இதன் சமகாலப் போட்டியாளரான வுர்லிட்சர், டைனுக்குப் பதில் தட்டையான எஃகு நாக்கைப் பயன்படுத்தியது. காந்தத்துக்குப் பதிலாக மின்தேக்கியின் கொள்ளளவு மாறுவதைக் கொண்டு ஒலியை எடுத்தது. அதற்கு 150 வோல்ட் அளவிலான மின்னழுத்தம் வெளியிலிருந்து தேவை. அமெரிக்கப் பாடகர் ரே சார்ல்ஸ் 1959இல் புகழ்பெறச் செய்த ஒலி அது. நம் வாசகர் அதைப் பார்த்திருந்தால் பிளக்கைக் கண்டிருப்பார், இந்தக் கேள்வியும் வந்திருக்காது.

சொந்தமாக வைத்திருப்பது என்பது பெரும்பாலும் இந்த ஒன்றரை மில்லிமீட்டரைப் பராமரிப்பதுதான். டோன் பார் இரண்டு திருகாணிகளில், சிறு சுருள்வில்களின் மேலும் ரப்பர் வளையங்களின் மேலும் அமர்ந்திருக்கிறது. ஒரு திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பினால் டைனின் நுனி குன்றின் மேல் சற்று ஏறும் அல்லது இறங்கும். ஒலியின் நிறம் மாறும். பிக்கப்பை முன்னோ பின்னோ நகர்த்தினால் ஒலியின் அளவு மாறும். 73 கட்டைகளையும் இப்படி ஒரே குணத்துக்குக் கொண்டுவர எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அதோடு முடியவில்லை. ஐம்பது ஆண்டுப் பழைய ரப்பர் வளையங்கள் கல்லாக இறுகிப்போயிருப்பதால் ஆற்றல் மரச்சட்டத்துக்குள் கசிந்து கார்வை குறைந்திருந்தது. அவற்றை மாற்றினேன், ஒரு வாரம் முன்பு வரை நான்கு நொடியில் மாய்ந்த சுரம் இரு மடங்கு நேரம் நின்றது. சுத்தியலின் ரப்பர் தலையில் பள்ளம் விழுந்திருந்தால் மணியோசை கூர்மையாகிவிடும். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய கருவிகளைச் சேகரிப்பவர்களிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது. குறிப்பிட்ட சில ஆண்டுகளில் செய்தவற்றில்தான் ஆன்மா இருக்கிறதாம், வாசிக்க வாசிக்க எஃகுக்குள் நாதம் ஊறுகிறதாம். ஊறுவது ஊறுகாயின் இயல்பு. எஃகு ஆடி ஆடிக் களைத்து ஒருநாள் முறியும், அவ்வளவுதான். ஆண்டுக்கு ஆண்டு வேறுபாடு உண்மையிலேயே இருக்கிறது. 1970 வாக்கில் சுத்தியல் தலைகள் கம்பளியிலிருந்து நியோப்ரீன் ரப்பருக்கு மாறின. டைன் செய்த முறையும் மாறியது. காதில் கேட்கும் வேறுபாட்டுக்கு இத்தனை காரணங்கள் கண்ணெதிரே இருக்கும்போது ஆன்மாவைக் கூப்பிடுவது, திருகாணியைத் திருப்பச் சோம்பல்படுபவர்கள் செய்யும் வேலை என்றே எனக்குப் படுகிறது.

1983இல் யமஹாவின் டிஎக்ஸ்7 என்னும் மின்னணுக் கீபோர்டு வந்ததும், ஏறக்குறைய 14 கிலோ எடையுள்ள ஒரு பெட்டிக்குள் மின்சாரப் பியானோவின் சாயலைக் கணிதமே உருவாக்கத் தொடங்கியது. ரோட்ஸ் உற்பத்தி அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நின்றது. நம்மூர் மெல்லிசை மேடைகளில் இன்று வைத்திருக்கும் எந்தக் கீபோர்டிலும் ‘இ. பியானோ’ என்றொரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கேட்பது இந்த டைன்களின் நிழல். நிழல் மோசமில்லை, நானும் வெளியூர் போகும்போது அதைத்தான் எடுத்துப்போகிறேன்.

வாசகருக்கு ஒரு சிறு பரிசோதனை. அடுத்த முறை அந்தக் கடைக்குப் போகும்போது, கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, கருவியை ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கச் சொல்லுங்கள். நடுவில் ஏதேனும் ஒரு கட்டையை முதலில் மிக மெல்ல, பிறகு சிறிது சிறிதாக வலிமையைக் கூட்டி அடித்துக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் சுரம் திடீரெனப் பல்லைக் காட்டும். டைனின் நுனி குன்றின் உச்சியைத் தாண்டிய இடம் அதுதான்.