சத்துணவைச் சாப்பிட்டுப் பார்த்து, கேள்வி கேட்கலாம்: பெற்றோருக்கு உள்ள உரிமை

அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை மதியச் சாப்பாடு போடுவதைச் சட்டப்படியான உரிமையாக்கியது 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை சத்துணவு உண்டு, முட்டையும் உண்டு. இது பலருக்கும் தெரியும். அந்தச் சாப்பாடு எப்படி இருக்கிறது என்று பார்க்கும் பொறுப்பு பெற்றோருக்கும் இருப்பதுதான் அவ்வளவாகத் தெரிவதில்லை.

2015-இல் வந்த மதிய உணவு விதிகள் இதைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கொடுத்திருக்கின்றன. சாப்பாட்டின் தரம், சமைக்கும் இடத்தின் சுத்தம் இரண்டையும் குழு கவனிக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். ஆக, தினமும் வீட்டில் உலை வைக்கிற அம்மாக்களின் கையில்தான் இந்த வேலை இருக்கிறது. அவர்களை விடக் குழம்பைப் பார்த்துப் பக்குவம் சொல்ல யாரால் முடியும்?

2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளிச் சாப்பாட்டில் பூச்சிமருந்து கலந்து 23 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு மத்திய அரசு அழுத்திச் சொன்ன நடைமுறை இது: பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும், அதில் ஒருவராவது ஆசிரியராக இருக்க வேண்டும். மற்றவர் பெற்றோராக இருக்கலாம். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, முறை வைத்துப் போங்கள்.

போனால் எதைப் பார்ப்பது? மத்திய அரசின் அளவுப்படி ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு, ஐந்தாம் வகுப்பு வரை அரிசி 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம். ஆறிலிருந்து எட்டு வரை 150, 30, 75 கிராம். 40 பிள்ளைகள் சாப்பிடும் தொடக்கப் பள்ளி என்றால் அன்றைக்கு 2 கிலோ காய் வெட்டியிருக்க வேண்டும். சாம்பாரில் கரண்டி விட்டால் காய் தட்டுப்படுகிறதா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். அப்புறம், சாப்பிட்டு முடித்த தட்டுகளைப் பாருங்கள். ஒரே காய் எல்லாத் தட்டிலும் ஒதுங்கிக் கிடந்தால், அதை வேறு மாதிரிச் செய்ய முடியுமா என்று சமையலரிடமே பேசலாம். குறைந்த சம்பளத்தில் புகையிலும் வெக்கையிலும் நிற்கிறவர்கள் அவர்கள். அதிகாரமாகக் கேட்காமல் அக்கா, அம்மா என்று உட்கார்ந்து பேசினால் காரியம் நடக்கும்.

அரிசி வரவில்லை, சமையலர் வரவில்லை என்று ஏதோ ஒரு காரணத்தால் ஒரு நாள் சாப்பாடு போடாமல் விட்டாலும், அந்த நாளுக்குரிய தானியமும் சமையல் செலவும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் பிள்ளைக்குச் சேர வேண்டும். இதுவும் அதே 2015 விதிகளில் இருக்கிறது. இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. கேட்க வேண்டும்.

பள்ளி வாசலையும் மறக்க வேண்டாம். கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமுள்ள தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்பது 2020-இல் வந்த உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை. குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகப் பதிவேட்டில் எழுதி, தலைமையாசிரியர் மூலம் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்பலாம். சாப்பாட்டில் கண்ட குறையையும் அப்படியே தேதியோடு எழுதி வையுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னது அடுத்த கூட்டத்துக்குள் மறந்து போகும்.