பிரேக் பெடலைத் தொடாமல் வேகம் குறைத்தால், பிரேக் லைட் எரியுமா?

மின்சார கார் ஓட்டப் பழக வருபவர்களிடம் தவறாமல் இதைக் கேட்பேன்: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வேகம் குறைகிறதே, அப்போது பின்னால் சிவப்பு லைட் எரிகிறதா? பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்திருக்க வேண்டும்.

பெட்ரோல், டீசல் கார்களில் இந்தக் குழப்பம் இல்லை. பிரேக்கை மிதித்தால் எரியும், விட்டால் அணையும். மின்சார காரிலோ, காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக வேலை செய்து, சக்கரத்தின் ஓட்டத்தை மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்க்கிறது. இதைத்தான் ரீஜென் என்கிறார்கள். பிரேக்கைத் தொடாமலே வண்டி நன்றாக மெதுவாகிவிடும். லைட்டை எப்போது எரிய வைப்பது என்பதை அப்போது காரின் கணினிதான் முடிவு செய்கிறது.

பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வாகன விதி 13-எச் இதற்கு அளவு வைத்திருக்கிறது. நொடிக்கு நொடி 0.7 மீட்டர் வரை வேகம் குறைந்தால் எரியக் கூடாது. 1.3-ஐத் தாண்டினால் எரிந்தே ஆக வேண்டும். இடைப்பட்டது தயாரிப்பாளரின் விருப்பம். 1.3 என்பது ஒவ்வொரு நொடியும் மணிக்கு ஏறத்தாழ 4.7 கி.மீ. வேகம் குறைவது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காலை முழுதாக எடுத்தால் மட்டுமே லைட் எரியும்படி அமைந்த கார்களும் சாலைக்கு வந்திருக்கின்றன. பெடலை லேசாகப் பிடித்தபடி வேகம் குறைத்தால், பின்னால் வருபவருக்கு ஒரு தகவலும் போகாது. ஒரே பெடலில் ஓட்டிப் பழகியவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பாதி கால் தூக்கி ஓட்டுவார்கள். கணக்குப் பாருங்கள்: நொடிக்கு நொடி 2 மீட்டர் வீதம் 3 நொடி குறைத்தால், உங்கள் வேகம் மணிக்கு 21 கி.மீ.க்கு மேல் இறங்கியிருக்கும். பின்னால் வருபவர் வேகத்தைக் குறைக்காமல் வந்தால் இடைவெளியில் 9 மீட்டர் போய்விடும். ஏறக்குறைய இரண்டு கார் நீளம்!

உங்கள் கார் எப்படி என்பதைச் சோதித்துவிடுங்கள். ஆள் நடமாட்டமில்லாத சாலையில் ஒரு நண்பர் தள்ளிப் பின்னால் வரட்டும். அவர் அருகில் இருப்பவர் படம் பிடிக்கட்டும். ஒவ்வொரு ரீஜென் நிலையிலும் பாதி கால், முழுக் கால் இரண்டையும் எடுத்துப் பாருங்கள். பேட்டரி முழுதாக நிரம்பியிருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். சேர்க்க இடமில்லாததால் பல கார்களில் ரீஜென் பலவீனமாக இருக்கும், முடிவு தவறாகிவிடும்.

அதுவரை, பின்னால் வண்டி நெருங்கி வந்தால் பிரேக் பெடலை லேசாகத் தொடுங்கள், லைட் எரிந்துவிடும். மின்சாரம் வீணாகுமே என்ற கவலை வேண்டாம். பல கார்களில் பிரேக்கின் முதல் அழுத்தத்தையும் மோட்டாரே ஏற்றுக்கொள்கிறது.